கடல்சுவரில் உட்கார்ந்திருப்பவர்

திருமங்கலம்
18-7-1963

ஓவியர் கண்ணையா அவர்களுக்கு, மரகதம் வணக்கத்துடன் எழுதுவது.

என்னை உங்களுக்குத் தெரியாது. இந்த ஊரில் ரவிக்கையும் பாவாடையும் தைத்துக் கொடுத்துப் பிழைக்கிறவள் நான். போன மாதம் புதிதாக மாற்றலாகி வந்த என்ஜினீயர் வீட்டு அம்மாள் சுசீலா, அளவெடுக்கக் கூப்பிட்டிருந்தார்கள். கூடத்தில் போஸ்ட் கார்டு அளவுக்கு ஒரு எண்ணெய் வண்ணப் படம் மாட்டியிருந்தது. நீளமாக ஒரு கட்டடம், நடுவில் கோபுரம், கீழ் மூலையில் எறும்பு மாதிரி ஒரு ஆள். எந்த ஊர் என்று கேட்டேன். அந்தமான் ஜெயில் என்றார்கள். அதற்கப்புறம் நான் எடுத்த அளவெல்லாம் தப்பு.

அங்கிருந்து கிளம்பும்போது ஆபீசில் பரிசாகக் கொடுத்த படமாம். திருப்பிப் பார்த்தால் உங்கள் பெயரும் டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர் என்ற முகவரியும் தமிழில் இருந்தது. தமிழில் இருந்ததால்தான் எழுதத் துணிந்தேன்.

என் அப்பா பெயர் குருநாதன். வாய்க்கால் தகராறில் மண்வெட்டியை ஓங்கினார், எதிராளி செத்துப்போனான். 1919-இல் அவரை அந்த ஜெயிலுக்குக் கப்பலேற்றினார்கள். நான் அப்போது அம்மா வயிற்றில். சில வருஷம் கடிதம் வந்ததாம். பிறகு நின்றுபோனது. யுத்தத்தில் ஜப்பான்காரன் அங்கே இறங்கினான் என்ற செய்தி வந்ததும் ஊரே அவரைத் தலைமுழுகிவிட்டது. என் அம்மா நாகரத்தினம் மட்டும் முழுகவில்லை. இன்றைக்கும் கழுத்தில் தாலியோடுதான் இருக்கிறாள்.

இத்தனை நாள் அது எங்கள் வீட்டு விஷயமாக இருந்தது. வருகிற தை மாதம் என் மகள் ருக்குவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளையின் பெரியப்பா ஜம்புலிங்கம் ஒரே பிடியாக நிற்கிறார். இருக்காரா இல்லையா என்று தெரியாத ஆளுக்குத் தாலி கட்டிக்கொண்டிருக்கிற பொம்பளை மணையருகே வரக்கூடாதாம். முகூர்த்தக்கால் நடுவதற்குள் ஒரு முடிவு தெரிய வேண்டும், இல்லையென்றால் தாலியைக் கழற்றிவிட்டு ஓரமாக உட்காரட்டும் என்கிறார். அம்மா பாவம், ஆற்றிலே ஒரு கால் சேற்றிலே ஒரு கால் என்று நாற்பது வருஷமாக நிற்கிறாள்.

அவர் உயிரோடு இருப்பார் என்று நான் நினைக்கவில்லை. அங்கே பழைய ஆட்கள் யாருக்காவது அவரைத் தெரியுமா என்று விசாரித்து எழுதுங்கள். போன நாள் தெரிந்தால் திதியாவது கொடுப்போம். அம்மா பார்ப்பதற்கு அந்த ஊர்ப் படம் ஒன்றும் வேண்டும். விலையை எழுதவும்.

இப்படிக்கு,
கு. மரகதம்


டெய்ரி ஃபார்ம், போர்ட் பிளேர்
25-8-1963

மரகதம் அம்மாளுக்குக் கண்ணையா வணக்கம்.

கடிதம் கிடைத்தது. பதில் எழுதாமல் ஒரு கப்பலைத் தவறவிட்டேன், மன்னிக்கவும். நான் இந்தத் தீவிலேயே பிறந்தவன். வீட்டில் படித்த தமிழ்தான் என் தமிழ். வெளியே எங்களுக்கெல்லாம் ஹிந்துஸ்தானிதான், அதனால் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

ஹேடோ துறைமுகத்தில் படகுகளுக்குப் பெயரும் சாமான் பெட்டிகளுக்கு எண்ணும் எழுதுகிற பெயிண்டர் வேலை எனக்கு. ஞாயிற்றுக்கிழமைகளில் இந்தச் சின்னப் படங்களைப் போடுகிறேன். மர மில்லில் கழித்த பலகைத் துண்டு, கப்பல் சிப்பந்திகள் மெட்ராசிலிருந்து வாங்கிவரும் வண்ணக் குழாய், அவ்வளவுதான் முதல். மெயின்லேண்டுக்கு மாற்றலாகிப் போகிற ஆபீசர்களுக்கு என் படம் ஒன்றைக் கொடுத்து அனுப்புவது இங்கே வழக்கமாகிவிட்டது. இந்த ஊரில் எண்ணெய் வண்ணம் லேசில் காயாது. மழைக்காலத்தில் ஒரு படம் காய்வதற்குள் இரண்டு கப்பல் வந்து போய்விடும்.

நீங்கள் கேட்ட விஷயம் பற்றி விசாரிக்கிறேன். ஜப்பான் காலத்தில் ரொம்பப் பேர் போய்விட்டார்கள், பேரைச் சொன்னால் தெரிந்துகொள்ளும் கிழவர்கள் இன்று குறைவு. கொஞ்சம் அவகாசம் கொடுங்கள். நான் மறுபடி எழுதுகிற வரைக்கும் உங்கள் அம்மா தாலியைக் கழற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஜெயில் படம் வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. அதை அவர்கள் பார்த்து என்ன ஆகப்போகிறது. அபர்டீன் கடல்சுவரிலிருந்து பார்த்தால் எதிரே தெரியும் ராஸ் தீவை அனுப்புகிறேன். வெள்ளைக்காரன் காலத்துச் சர்ச் அங்கே கூரையில்லாமல் நிற்கிறது, சுவரெல்லாம் ஆலவேர். இது போன வருஷமே போட்ட படம், நன்றாகக் காய்ந்தது. விலை ஒன்றும் வேண்டாம்.

இப்படிக்கு,
கண்ணையா


திருமங்கலம்
20-9-1963

கண்ணையா அவர்களுக்கு மரகதம் எழுதுவது.

படம் உடையாமல் வந்தது. வந்த நாளாக வீட்டில் அடுப்பு சரியாக எரியவில்லை.

உங்கள் கடிதத்தைப் படித்ததுமே எனக்கு உறுத்தியது. தாலியைக் கழற்ற வேண்டாம் என்று எழுதியிருக்கிறீர்கள். முன்பின் தெரியாத மனிதர் எங்கள் வீட்டுத் தாலிக்கு ஏன் இவ்வளவு கவலைப்பட வேண்டும்? சரி, நல்ல மனசு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

படத்தை அம்மாவிடம் கொடுத்தேன். சர்ச்சையோ கடலையோ அவள் பார்க்கவே இல்லை. இந்தப் பக்கத்துச் சுவரில் முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவர் உட்கார்ந்திருக்கிறாரே, நகக்கண் அளவுக்கு, அவரைத்தான் பார்த்தாள். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாள், கழற்றிவிட்டுப் பார்த்தாள். வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துக்கொண்டு போனாள். ரொம்ப நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"இந்தா பாரு. வலது தோளு இறங்கியிருக்கா? கமலைக் கிணத்துல விழுந்தப்ப ஒடிஞ்சது அது. குடையை மடக்கிச் சட்டைக் காலர்ல மாட்டி முதுகுல தொங்கவிட்டிருக்கா? வரப்புல உக்காந்தா இப்பிடித்தான் உக்காருவாக. உங்கப்பாடி."

எனக்குக் கோபம்தான் வந்தது. குடையை முதுகில் மாட்டுகிறவன் ஊருக்கு நூறு பேர் இருப்பான், தோள் சாய்ந்த கிழவனுக்கா பஞ்சம் என்றேன். அவள் படத்தை முந்தானையில் முடிந்துகொண்டு படுத்துவிட்டாள். மறுநாள் என்ஜினீயர் வீட்டுக்குத் தைத்ததைக் கொடுக்கப் போனபோது அந்த ஜெயில் படத்தை மறுபடி பார்த்தேன். மூலையில் இருந்த எறும்புக்கும் வலது தோள் இறங்கித்தான் இருக்கிறது, முதுகில் குடையும் இருக்கிறது.

சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். அந்த ஆள் யார்?

மரகதம்


டெய்ரி ஃபார்ம்
15-10-1963

மரகதம் அம்மாளுக்கு,

அவர் என் அப்பா. பெயர் குருநாதன்.

உங்கள் முதல் கடிதத்தின் இரண்டாவது பத்தியைத் தாண்டியதுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை வண்ணப் பெட்டிக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டுத்தான் உங்களுக்கு விசாரிக்கிறேன் என்று எழுதினேன். அப்பாவிடமும் சொல்லவில்லை, அம்மாவிடமும் சொல்லவில்லை. படத்தில் அவர் இருக்கிறார் என்பதே எனக்கு நினைவில்லை. நம்புவது கஷ்டம், ஆனால் நிஜம். நான் படம் போடப் போனால் வெயிலும் தூறலும் படாமல் பலகைக்கு மேல் குடை பிடிக்க அவர் கூட வருவார். வேலை ஓய்ந்ததும் குடையை மாட்டிக்கொண்டு சுவரில் உட்கார்ந்துவிடுவார். ஒரு ஆள் இருந்தால்தான் கட்டடம் எவ்வளவு பெரிது என்று தெரியும் என்று முன்னே ஒரு ஆபீசர் சொன்னார். அசையாமல் உட்காருகிறவர் அப்பா ஒருவர்தான். அன்றிலிருந்து ஜெயிலானாலும் ராஸ் தீவானாலும் பாராடாங் படகுத்துறையானாலும் ஒரு மூலையில் அவரை வைத்துவிடுவேன், கை தன்னால் போட்டுவிடும். அப்படி எத்தனையோ படங்கள் மெயின்லேண்டில் எந்தெந்தச் சுவரிலோ மாட்டியிருக்கும்.

ஜெயிலில் செக்கிழுத்துத்தான் அந்தத் தோள் சாய்ந்தது என்று சின்ன வயதிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தேன். கிணற்றில் விழுந்த கதை நீங்கள் எழுதித்தான் தெரியும்.

அவர் எனக்கு ஒரு தடவை சொன்னதை அப்படியே எழுதுகிறேன். சில வருஷத்தில் ஜெயிலிலிருந்து வெளியே விட்டு, நிலம் கொடுத்து, பெண்டாட்டி பிள்ளைகளை வரவழைத்துக்கொள்ளலாம் என்று சர்க்கார் சொன்னதாம். கப்பல் செலவும் சர்க்காருடையது. 1926-இல் அப்பா ஊருக்கு எழுதினார். வரமாட்டார்கள் என்று பதில் வந்தது. அதன் பிறகும் கப்பல் வருகிற நாளெல்லாம் துறைமுகத்துக்குப் போய் நின்றாராம். 1929-இல் என் அம்மாவைக் கட்டிக்கொண்டார். அம்மா பெயர் தங்கம், இங்கே வந்த கைதிகளுக்குப் பிறந்தவள். அவளும் நன்றாக இருக்கிறாள்.

அப்பா உயிரோடு இருக்கிறார். காது கொஞ்சம் மந்தம், வேறு குறையில்லை. உங்கள் அம்மா தாலியைக் கழற்ற வேண்டியதில்லை.

நான் உங்களுக்குத் தம்பி முறை. அப்படிக் கூப்பிட எனக்கு உரிமை உண்டா என்று தெரியவில்லை.

கண்ணையா


திருமங்கலம்
8-11-1963

கண்ணையாவுக்கு,

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்துவிட்டு உரிமை கேட்கிறாயா? எனக்குத் தம்பி கிடையாது. அப்பாவும் இல்லாமல்தான் வளர்ந்தேன். பிறப்பதற்கு முன்பே அப்பனைக் கடல் தாண்டி அனுப்பியவள் என்று ஊரில் என்னைச் சொல்வார்கள். அங்கே அவர் ஒருவனுக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார். என் கல்யாணத்தில் பந்தல் ஒழுகியபோது பிடிக்க ஆளில்லை.

இரண்டு நாள் கடிதத்தை ஒளித்துவைத்தேன். அந்த விஷயத்தில் நீயும் நானும் ஒன்றுதான் போலிருக்கிறது. பிறகு அம்மாவிடம் வாசித்தேன். கல்யாணம் செய்துகொண்டார் என்ற இடத்தில் அழுவாள் என்று பார்த்தேன், அழவில்லை. கூப்பிட்டார் என்ற இடத்தில்தான் அழுதாள். ஆமாம், கூப்பிட்டார் என்றாள். சின்னப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கைதிகள் ஊருக்குப் போவாயா என்று அவள் அண்ணன் கதவைப் பூட்டிவிட்டாராம். பூட்டு ஒரு நாள்தான் இருந்தது, மறுநாள் திறந்துதான் கிடந்தது, எனக்குத்தான் கடலை நினைத்துப் பயம், என்றாள். இதை எனக்கே இதுவரை சொன்னதில்லை.

இப்போது நான் ஜம்புலிங்கத்திடம் என்ன சொல்வது? இருக்கிறார் என்றால் எங்கே யாரோடு என்பார்கள். அவரைத் தன் கையால் இரண்டு வரி எழுதச் சொல். அது எனக்காக நான் கேட்பது. அம்மா கடிதம் கேட்கவில்லை. "முதுகைப் பாத்தாச்சு, மூஞ்சியையும் ஒரு தரம் பாத்துட்டா போதும்" என்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் வர வேண்டும்.

மரகதம்


டெய்ரி ஃபார்ம்
26-12-1963

அக்காவுக்கு,

நீங்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும் எனக்கு வேறு வார்த்தை வரவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். காது கேட்கவில்லையோ என்று இரண்டாம் தடவை சத்தமாகச் சொன்னேன். கேட்டது, கத்தாதே என்றார். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் என்னோடு வரவில்லை. எழுதச் சொல்லித் தாளும் பேனாவும் வைத்தேன், அது வைத்த இடத்திலேயே இருந்தது.

அம்மாவுக்கு எல்லாம் முன்பே தெரியுமாம். ஊரில் ஒருத்தி இருக்கிறாள் என்று கல்யாணத்துக்கு முன்பே சொல்லித்தான் கட்டிக்கொண்டாராம். போன வாரம் அவள்தான் அவருக்கு முகம் மழிக்க வெந்நீர் வைத்தாள், வெளுத்த சட்டையை எடுத்துக் கொடுத்தாள், கடல்சுவருக்குக் கூட்டிக்கொண்டு வந்தாள். அங்கே வந்தும் அவர் கடலைப் பார்த்தே உட்கார்ந்தார்.

"முதுகையே போடு. அவளுக்கு முதுகைத்தானே காட்டிட்டு வந்தேன்" என்றார்.

அம்மா அவர் முகவாயைப் பிடித்து என் பக்கம் திருப்பினாள். அப்புறம் அவர் திரும்பவே இல்லை, படம் முடிகிற வரை அப்படியே இருந்தார். தூறல் போட்டது. குடையை அம்மா வாங்கிப் பலகைக்கு மேலே பிடித்துக்கொண்டு நின்றாள். இதுவரை கட்டடமும் கப்பலும் போட்டவன் நான், முகம் போட்டதில்லை. மூக்கு சரியாக வரவில்லை. கண் மட்டும் அவருடையது.

இது காய இரண்டு மாதமாவது வேண்டும். நாளைக் கப்பலை விட்டால் கல்யாணத்துக்குக் கிடைக்காது, அதனால் ஈரமாகவே அனுப்புகிறேன். நாலு மூலையிலும் கட்டை வைத்து, மேலே படாமல் மூடி போட்டுக் கட்டியிருக்கிறேன். பிரித்ததும் நிழலில் வையுங்கள். தயவுசெய்து யாரும் விரல் வைக்க வேண்டாம்.

அவர் கையெழுத்து அனுப்ப முடியவில்லை. என் மேல் கோபப்படுங்கள்.

தம்பி
கண்ணையா


திருமங்கலம்
10-2-1964

தம்பி கண்ணையாவுக்கு அக்கா மரகதம் ஆசீர்வாதம்.

ருக்கு கல்யாணம் நல்லபடியாக முடிந்தது.

உன் பெட்டி பொங்கல் கழித்து வந்தது. விரல் வைக்கக்கூடாது என்று நீ எழுதியதை நான் வாசித்து முடிக்கவில்லை, அதற்குள் அம்மா கன்னத்தில் விரலை வைத்துவிட்டாள். நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டார்கள். எடுத்துப் பார்த்தால் இடது கன்னத்தில் அவள் விரல் ரேகை அப்படியே பதிந்திருக்கிறது. கண்ணுக்குக் கீழே கொஞ்சம் இழுபட்டும் போய்விட்டது. தம்பி வந்தால் சரிசெய்து கொடுப்பான் என்று சமாதானத்துக்குச் சொன்னேன்.

"ஒருத்தரும் கை வைக்கக் கூடாது. அது நான் தொட்டது" என்றாள்.

விரலில் ஒட்டின வண்ணத்தை அன்றைக்கு முழுக்க அவள் கழுவவில்லை. இடது கையால் சாப்பிடவா முடியும், நான்தான் ஊட்டிவிட்டேன்.

முகூர்த்தக்கால் அன்று ஜம்புலிங்கம் வந்து நின்றார். என்ன முடிவு என்றார். அவர் நலமாக இருக்கிறார், வயசாகிவிட்டதால் கப்பலில் ஏற்றமாட்டேன் என்கிறார்கள் என்று ஒரு கதை தயார்செய்து வைத்திருந்தேன். அம்மா உள்ளே போய்ப் படத்தை எடுத்துவந்து அவர் எதிரே நீட்டினாள். இதோ இருக்கிறார், அங்கே குடும்பத்தோடு நன்றாக இருக்கிறார், பெரிய மனதுள்ள பெண்டாட்டி, பிள்ளைதான் இதைப் போட்டது, என்றாள். ஒரு வார்த்தை கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஜம்புலிங்கம் படத்தை வாங்கப் போனார். காயவில்லை, தொடாமல் பாருங்கள் என்றாள். அவரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

தாலியைத் தட்டில் வைத்து ஆசி வாங்கச் சுற்றியபோது முதலில் தொட்டுக் கொடுத்தது அம்மாதான்.

அப்பாவிடம் சொல். எனக்கு இன்னும் அவர் மேல் கோபம் போகவில்லை, அதையும் சொல். உன் அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா
மரகதம்


டெய்ரி ஃபார்ம்
2-8-1965

அன்புள்ள அக்காவுக்கு,

இந்தக் கடிதத்தை அம்மாவிடம் வாசிக்கும் முன் நீங்கள் தனியாக ஒரு தடவை படித்துக்கொள்ளுங்கள்.

அப்பா போய்விட்டார். ஆடி அமாவாசைக்கு மறுநாள், வியாழக்கிழமை காலை. திதிக்கு நாள் வேண்டும் என்று முதல் கடிதத்தில் கேட்டிருந்தீர்கள், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். பெரிய சிரமம் இல்லை. இரண்டு நாள் காய்ச்சல். உங்கள் கல்யாணக் கடிதத்தை எப்போது கேட்டாலும் வாசித்துக் காட்டுவேன், புதன்கிழமையும் கேட்டார். விரல் ரேகை இடம் வந்ததும் தன் கன்னத்தைத் தடவிக்கொண்டார். உங்கள் கோபத்தைச் சொன்னேன். இருக்கட்டும், அந்த மட்டுக்காவது என்னை நினைக்கிறாளே என்றார்.

காரியம் முடிந்து வந்ததும் உங்களுக்குத் தந்தி கொடுக்கச் சட்டையை மாட்டினேன். தந்தியைத் தார், கடிதத்தைச் சிட்டி, கப்பலை ஜகாஜ் என்பாள் என் அம்மா. வளையலை அதற்குள் கழற்றியிருந்தாள். வாசலில் வந்து என்னை நிறுத்தினாள்.

"தார் வேணாம்டா. சிட்டி எழுதி ஜகாஜ்ல போடு. அது போய்ச் சேர எத்தினி நாளு ஆகுதோ, அத்தினி நாளு அவங்க கழுத்துல கிடக்கட்டும்."

அதனால்தான் உங்களுக்கு இவ்வளவு தாமதமாகத் தெரிகிறது. தவறு என்றால் இரண்டு பேரையும் மன்னிக்க வேண்டும். அவர் குடை ஆணியில் மாட்டியபடி இருக்கிறது. நான் இன்னும் படம் போடப் போகவில்லை.

தம்பி
கண்ணையா


திருமங்கலம்
24-8-1965

அன்புள்ள தம்பிக்கு,

கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை சொல்ல மனம் வராமல் சனிக்கிழமை காலையில் அம்மாவிடம் சொன்னேன். அழுது முடித்துவிட்டு முழுக் கடிதத்தையும் வாசிக்கச் சொன்னாள். தங்கம் அம்மா உன்னை வாசலில் நிறுத்திய இடம் வந்ததும் கையைக் காட்டி நிறுத்தினாள்.

அவள் எப்போது கழற்றினாள் என்று கேட்டாள். அன்றைக்கே என்றேன்.

"எனக்குக் குடுத்த நாளை அவளும் வச்சுக்கிட்டு இருந்திருக்கலாமே. தனியாவா எல்லாத்தையும் பட்டா" என்றாள்.

பிறகு அவளே எழுந்து குளித்தாள். சாங்கியம் செய்ய யாரையும் கூப்பிடவிடவில்லை. தாலியைத் தானே கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டாள். எனக்கு வாழ்நாளில் இல்லாத அழுகை அன்றைக்குத்தான் வந்தது. எந்த அப்பாவுக்காக என்று கேட்டால் சொல்லத் தெரியாது. அப்பா படம் இப்போது சாமி அலமாரியில் இருக்கிறது. நன்றாகக் காய்ந்துவிட்டது, ரேகை மட்டும் கல்லில் கொத்தின மாதிரி நிற்கிறது.

இன்று காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு உனக்கு ஒன்று எழுதச் சொன்னாள். நீ மறுபடி வண்ணப் பெட்டியைத் திறக்க வேண்டுமாம். உன் அம்மாவை அதே கடல்சுவரில் உட்காரவைத்து முகத்தைப் போட்டு அனுப்ப வேண்டுமாம். மழைக்காலமாயிற்றே, காய்ந்து வருவதற்குக் கார்த்திகை ஆகிவிடும் என்றேன்.

"காய வைக்க வேணாம்னு எழுது. ஈரமாவே அனுப்பச் சொல்லு" என்றாள்.

அக்கா
மரகதம்